கிட் என்னும் கணக்குப் புத்தகம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பைலா திருத்த வரைவு இரண்டு விதமாக வாட்ஸ்அப்பில் சுற்றியது உங்களுக்குத் தெரியும். இரண்டின் பெயரிலும் 'ஃபைனல்' இருந்தது. ஒன்றில் விருந்தினர் வண்டி நிறுத்துவது பற்றிய வரி இருந்தது, மற்றதில் இல்லை. யார் எடுத்தார், எப்போது எடுத்தார், தெரிந்தே எடுத்தாரா என்று எதற்கும் பதில் இல்லை. பல வருடம் பழகியவர்கள் லிஃப்டில் முகம் பார்க்காமல் நிற்கிறோம். அதனால்தான் இந்தப் பேச்சு.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு இதே தலைவலி முன்பே வந்துவிட்டது. 1972-இலேயே அமெரிக்காவின் பெல் லேப்ஸில் மார்க் ராச்கைண்ட் என்பவர் இதற்கென ஒரு மென்பொருள் செய்தார். இன்று உலகெங்கும் அதிகம் பயன்படுவது 'கிட்'. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதியது. அதுவரை லினக்ஸ் வேலைக்குப் பயன்பட்ட பிட்கீப்பர் என்ற மென்பொருளை இலவசமாகத் தருவது நின்றுபோனதால், அவரே உட்கார்ந்து எழுதிவிட்டார்.

என் மருமகள் அந்தத் துறையில் இருக்கிறாள். இரண்டு மாதமாக மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு அவளிடம் கற்றுக்கொண்டேன். ஒன்று சொல்கிறேன்: பி.காம். படித்தவனுக்கு இது அந்நியமே இல்லை.

பாங்கில் லெட்ஜரில் தவறு வந்தால் பிளேடால் சுரண்டக் கூடாது, ஒயிட்னர் தடவக் கூடாது. கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, இனிஷியல் வாங்க வேண்டும். நாள் கணக்கை முடித்த பிறகு தெரிந்தால் ரிவர்சல் என்ட்ரி. கிட்டிலும் அப்படித்தான். 'ரிவர்ட்' என்று ஒரு கட்டளை. அது பழைய பதிவைக் கிழித்துப் போடாது. அதற்கு எதிரான புதுப் பதிவு ஒன்றைப் போடும். இரண்டும் புத்தகத்தில் இருக்கும்.

ஒவ்வொரு பதிவுக்கும் 'கமிட்' என்று பெயர். (நம் கமிட்டி இல்லை!) மாற்றிய கோப்புகளில் எவை இந்தப் பதிவில் சேர வேண்டும் என்று முதலில் 'ஆட்' கட்டளையால் எடுத்து வைக்கிறோம், வவுச்சர்களை அடுக்குவதுபோல. பிறகு கமிட். அதில் பெயர், தேதி, நேரம் ஏறிவிடும். என்ன மாற்றினோம், ஏன் என்று நாம் ஒரு வரி எழுத வேண்டும். ஜர்னலில் 'பீயிங்' என்று தொடங்கி நரேஷன் எழுதினோமே, அதுதான். இங்கும் சோம்பேறிகள் 'திருத்தம்' என்று ஒற்றை வார்த்தையில் முடிக்கிறார்களாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விஷயம். ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. அது உள்ளே இருக்கும் சங்கதியிலிருந்தே கணக்கிட்டு வருவது. ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் முழுக்க வேறாகிவிடும். அதோடு, முந்தைய கமிட்டின் அடையாளமும் இதற்குள் இருக்கிறது. லெட்ஜரில் ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் செல்வோம் இல்லையா? பழைய பக்கத்தில் தொகையைத் திருத்தினால் பின்னால் உள்ள பக்கங்கள் உதைக்கும். ஆனால் லெட்ஜரில் நூறைக் கூட்டி வேறிடத்தில் நூறைக் குறைத்தால் டாலி ஆகிவிடும். கிட்டில் அந்தத் தந்திரம் பலிக்காது.

புத்தகமும் ஒன்றல்ல. பழைய முறைகள் சிலவற்றில் ஒருவர் கோப்பை எடுத்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். பக்கத்து கவுன்டரில் லெட்ஜர் இருந்தால் நாம் காத்திருந்த மாதிரி. கிட்டில் ஒவ்வொருவரிடமும் முழுச் சரித்திரத்தோடு ஒரு பிரதி. இருவர் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றிவிட்டு ஒன்றுசேர்க்கப் பார்த்தால், கிட் தீர்ப்புச் சொல்லாது. இரண்டையும் அருகருகே வைத்து நிறுத்திவிடும். முடிவு நம்முடையது.

எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் கட்டளைக்கு 'பிளேம்' என்று பெயர். பழி! அதே வேலைக்கு 'அனோடேட்' என்ற கட்டளையும் உண்டு. நம் வளாகத்துக்கு அந்தப் பெயரே போதும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். பெயர் என்பது அவரவர் கணினியில் அமைத்துக்கொள்வது. வேறு பெயரையும் போட்டுக்கொள்ளலாம். அதனால் கையெழுத்துக்கு இது ஈடாகாது. பொதுப் பிரதியின் சரித்திரத்தையே மாற்றி எழுதவும் வழி உண்டு. ஆனால் அப்படிச் செய்தால் மற்றவர்களிடம் உள்ள பிரதிகளோடு ஒத்துப்போகாது. அதற்காகவே குறைந்தது மூன்று பிளாக்குகளில் பிரதி இருக்க வேண்டும் என்கிறேன். எக்செல், வேர்டு கோப்புகளைச் சேமிக்கும். ஆனால் எந்த வரி மாறியது என்று தெளிவாகக் காட்டாது. ஆகவே மெயின்டனன்ஸ் கணக்கு இப்போதைக்கு வேண்டாம். பைலாவைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்துத் தொடங்கலாம். பதிவான பழைய பைலா முதல் கமிட். சுற்றிய இரண்டு வரைவுகளும் அதிலிருந்து பிரியும் இரண்டு கிளைகள். வித்தியாசத்தைத் திரையில் போட்டு, ஒவ்வொரு வரியாகப் பொதுக்குழு பார்க்கட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. குடியிருப்பவர்களின் தொலைபேசி எண், பாங்குக் கணக்கு எண் எதையும் இதில் ஏற்றாதீர்கள். மறுநாள் எடுத்துவிட்டாலும் பழைய கமிட்டில் அது இருந்துகொண்டே இருக்கும். பிரதி வைத்திருப்பவர் எல்லோரும் பார்க்கலாம். கற்றுக்கொள்ள விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு மாலை 4 மணிக்கு நூலக அறைக்கு வாருங்கள். லேப்டாப் இருந்தால் கொண்டுவாருங்கள், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.