விமானம் ஏறும் சிலம்பக் கம்பு



பள்ளி விடுமுறைக் காலத்தில் நம் ஊர் விமான நிலையங்களில் இப்போது புதிதாக ஒரு கூட்டத்தைப் பார்க்க முடிகிறது. ஒரே நிறத்தில் பனியன் போட்ட பிள்ளைகள், கூடவே அவர்களின் ஆசான், தள்ளுவண்டியின் குறுக்கே ஆள் உயரத்துக்கு ஒரு துணிப்பொதி. பொதிக்குள் இருப்பவை சிலம்பக் கம்புகள். பேருந்திலும் ரயிலிலும் போய்க்கொண்டிருந்த கம்பு இன்று விமானம் ஏறுகிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. வெளி மாநிலப் போட்டிகள், மலேசியா, சிங்கப்பூர்ப் பயணங்கள் எல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சாதாரணமாகிவிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்ததும் அந்தப் பொதிக்குப் பெயர் மாறிவிடுகிறது. நமக்கு அது கலை. அங்கே அது ஆயுதம்.

தற்காப்புக் கலைஞர்கள் தங்கள் பயிற்சிக் கருவிகளோடு விமானப் பயணம் போவதைப் பற்றித்தான் இன்று பேச இருக்கிறேன். சிலம்பம், களரி, கராத்தே, கெண்டோ, வாள்வீச்சு என்று எதைப் பயின்றாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் கைப்பை. விமானத்துக்குள் நாம் எடுத்துச் செல்லும் பையில் தற்காப்புக் கலைக் கருவி எதற்கும் இடமில்லை. இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் நுஞ்சாக்கு, கைமுட்டிக் கவசம், குறுந்தடி எல்லாம் இருக்கின்றன. கிரிக்கெட் மட்டையும் ஹாக்கி மட்டையும்கூட அதே பட்டியலில்தான். கத்தி, வாள் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"சார், இது மரவாள்தான், வெட்டாது" என்று சிலர் வாதாடுவார்கள். தற்காப்பு வகுப்பில் பயன்படும் ரப்பர் கத்தியை எடுத்து வளைத்துக் காட்டுவார்கள். பாதுகாப்பு அதிகாரி அசைய மாட்டார். அதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட 'கங்கா' என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை இரண்டு பேர் லாகூருக்குக் கடத்திப் போனார்கள். அவர்கள் கையில் இருந்தவை ஒரு பொம்மைத் துப்பாக்கியும் ஒரு போலிக் கையெறி குண்டும். 1978 டிசம்பரில் லக்னோவிலிருந்து டெல்லி சென்ற விமானத்தைக் கடத்தியவர்களிடம் இருந்ததும் விளையாட்டுத் துப்பாக்கிதான். ஆயிரக்கணக்கான அடி உயரத்தில், அது நிஜமா பொம்மையா என்று யார் கிட்டே போய்ப் பார்ப்பது? பயம் பொருளின் தோற்றத்திலேயே பிறந்துவிடுகிறது. அதனால்தான் ஆயுதம் போலத் தோன்றுவதும் ஆயுதமாகவே நடத்தப்படுகிறது.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் வரை நான்கு அங்குலத்துக்கும் குறைவான அலகுள்ள கத்தியைப் பயணி தன்னுடன் வைத்துக்கொள்ளலாம் என்ற விதி இருந்தது. செப்டம்பர் 11-க்குப் பிறகு அந்தச் சலுகை போயிற்று. இந்தியாவில் உள்நாட்டு விமானங்களில் சீக்கியப் பயணிகள் கிர்பான் வைத்திருக்க அனுமதி உண்டு. அதற்கும் கணக்கு இருக்கிறது: அலகு 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, மொத்த நீளம் 9 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அது மத நம்பிக்கைக்காக எழுத்தில் தரப்பட்ட விலக்கு. பயிற்சிக் கருவிக்கு அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. ஆகவே சோதனை வாசலில் நின்று கலையின் பெருமையைப் பேசிப் பயனில்லை. கருவி எதுவானாலும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில்தான் போக வேண்டும்.

சரி, பெட்டியில் போடலாம் என்றால் அடுத்த சிக்கல் நீளம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும் என்பது பெரும்பாலான விமான நிறுவனங்களின் கணக்கு. வாள்வீச்சு வீரர்களுக்கு இது பெரிய தொல்லை இல்லை. சேபர் வாளின் முழு நீளம் அதிகபட்சம் 105 சென்டிமீட்டர். டோக்கியோ ஒலிம்பிக்கில் களமிறங்கி, அந்த விளையாட்டில் ஒலிம்பிக் சென்ற முதல் இந்தியர் என்று பெயர் பெற்ற சென்னைப் பெண் பவானி தேவியின் ஆயுதம் இதுதான். கெண்டோ ஆடுபவர்களின் மூங்கில் வாள் 120 சென்டிமீட்டர். ஒடுக்கமான பையில் அதுவும் அடங்கிவிடும். சிலம்பக் கம்பு அடங்காது. ஆடுபவரின் நெற்றி உயரம் என்பது கம்புக்கு நம் வழக்கமான அளவு. ஐந்தரை அடிக் கம்பு என்றாலே கிட்டத்தட்ட 168 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. அகலத்தையும் உயரத்தையும் கூட்டுவதற்கு முன்பே கணக்கு உடைந்துவிட்டது.

ஆகவே பயணச்சீட்டு வாங்கும்போதே விமான நிறுவனத்திடம் கேளுங்கள்: "ஐந்தரை அடி நீளத்தில் விளையாட்டுச் சாமான் ஒன்று இருக்கிறது, ஏற்றுவீர்களா, கட்டணம் எவ்வளவு?" பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய விமானத்தில் இடம் இருக்கும். சிறு நகரங்களுக்குப் போகும் ஏடிஆர் வகை விமானத்தின் சரக்கறை சிறியது. இணைப்பு விமானம் அந்த வகையாக இருந்தால் முதல் விமானத்தில் ஏறிய கம்பு இரண்டாவதில் ஏறாமல் போகலாம்.

கட்டும் முறைக்கு வருவோம். துணிப்பொதி பேருந்துக்குப் போதும், விமானத்துக்குப் போதாது. நான்கு அங்குல பிவிசி குழாய் ஒன்றை வாங்கிக் கம்பைவிட ஒரு சாண் நீளமாக அறுத்துக்கொள்ளுங்கள். எட்டு, பத்துக் கம்புகள் அதற்குள் போகும். முனைகளில் பழைய துணியைச் சுற்றி, ஆடாமல் அடையுங்கள். ஒரு பக்க மூடியை ஒட்டிவிடலாம். மறுபக்கம் கையால் திருகித் திறக்கும் மூடியாக இருக்கட்டும். முழுக்க டேப் சுற்றி மூடினால் சோதனை செய்பவர் அறுத்துத்தான் பார்ப்பார். அறுத்ததைத் திரும்ப ஒட்டித் தருவது அவர் வேலையல்ல. குழாயின் எடையும் உங்கள் கணக்கில்தான் சேரும் என்பதை மறக்க வேண்டாம். இப்படிப்பட்ட நீளச் சாமானைப் பெரிய சாமான்களுக்கான தனிக் கவுண்டரில் கொடுக்கச் சொல்வார்கள். இறங்கும் ஊரிலும் அது மற்றப் பெட்டிகளோடு சுற்றி வராமல் தனி வாசல் வழியாக வரலாம். விசாரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பைவிடக் கவனம் தேவைப்படுவது சுருள் வாள். அது சுருட்டிக் கட்டிய எஃகுப் பட்டை. ஒரு நூல் கட்டோடு பெட்டியில் போட்டால், கட்டு அவிழும் நொடியில் பெட்டியைத் திறப்பவர் முகத்துக்கு நேரே விரியும். கூர்மையான எதையும் உறையிட்டு அல்லது கெட்டியாகச் சுற்றித்தான் வைக்க வேண்டும் என்பது எங்கும் உள்ள விதி. சுருளை மூன்று இடத்தில் கட்டி, கித்தான் துணியில் சுற்றி, வட்டமான தகர டப்பாவுக்குள் வைத்து, மூடியின் மேல் "கூரிய எஃகு, கவனமாகத் திறக்கவும்" என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். எக்ஸ்ரே திரையில் அந்தச் சுருளைப் பார்க்கும் அதிகாரி அதை வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். சந்தேகம் வந்தால் உங்களைக் கூப்பிடுவார்கள். அதனால் பெட்டியைக் கொடுத்தபின் போனை அணைத்துவிடாதீர்கள். நேரம் பார்த்து ஓடி வராமல் முன்கூட்டியே வந்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது புறப்படும் ஊரின் கதை. பலரும் மறப்பது இறங்கும் நாட்டின் சட்டம். விமான நிறுவனம் ஏற்றிக்கொண்டது என்பதற்காக அந்த நாடு அனுமதிக்கிறது என்று ஆகிவிடாது. புரூஸ் லீ படங்களால் உலகமெங்கும் பரவிய நுஞ்சாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மாநிலம் 1974-இல் அதைத் தடை செய்தது. 2018 டிசம்பரில்தான் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. கனடாவிலும் ஜெர்மனியிலும் அது இன்றும் தடைசெய்யப்பட்ட ஆயுதம். பிரிட்டனில் நட்சத்திர வடிவ வீச்சுத் தகடுகள் 1988 முதல் தடைப் பட்டியலில் உள்ளன. கைப்பிடி முஷ்டிக்குள் அடங்கி விரல்களுக்கு இடையே அலகு நீளும் குத்துக்கத்தியும் அதே பட்டியலில் உண்டு. கட்டாரி எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு யோசிக்கட்டும். 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வளைந்த வாளுக்கும் அங்கே 2008 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. விளையாட்டுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். நம் நாட்டிலும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வாள், ஈட்டி போன்றவற்றை ஆயுதமாகவே கருதுகிறது. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் அவற்றுக்கு உரிமம் வேண்டும்.

கம்பு ஆயுதமா என்று கேட்காமல் அது மூங்கிலா என்று கேட்கும் நாடுகளும் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டிலும் மரம், மூங்கில், பிரம்பு எதைக் கொண்டுபோனாலும் வந்திறங்கும்போது எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதிகாரி கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அதில் பூச்சி துளைத்த ஓட்டை இருக்கிறதா, பட்டை ஒட்டியிருக்கிறதா, மண் இருக்கிறதா என்று. நம் சிலம்பக் களமோ மண் தரை. கம்பின் முனையில் அந்த மண் அப்பியிருக்கும். காலணியின் அடியிலும் இருக்கும். புறப்படுமுன் கம்பைக் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். துளை விழுந்த கம்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மறைத்துப் பிடிபட்டால் அபராதம். எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

மான் கொம்பு விஷயத்தில் இந்த இரக்கம் கிடையாது. சிலம்பத்தோடு ஆடும் அந்த இரட்டைக் கொம்பு ஒரு காலத்தில் வெளிமானின் உண்மையான கொம்பில் செய்யப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கப்படும் விலங்கு அது. தாத்தா ஆடியது, பரம்பரைச் சொத்து என்று சொல்லிப் பெட்டியில் வைத்தால் வழக்கில்தான் முடியும். இன்று உலோகத்தில் செய்த கொம்புகள் கிடைக்கின்றன. பயணத்துக்கு அவை மட்டுமே.

சின்னச் சின்னப் பொருள்களும் ஆளைக் கவிழ்க்கும். தீப்பந்தம் சுற்றுபவர்கள் மண்ணெண்ணெயைக் கொண்டுபோக முடியாது. எண்ணெய் ஊறிய பந்தத் துணிக்கும் இடமில்லை. பந்தத்தின் இரும்புப் பகுதியை நன்றாகக் கழுவி எடுத்துப் போய், துணியையும் எண்ணெயையும் போன இடத்தில் வாங்குங்கள். டேக்வாண்டோவில் புள்ளி பதிவு செய்யும் மின்னணுக் கவசங்களின் உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். பெட்டியில் போடக் கூடாது.

விழா ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறப்பு விருந்தினருக்கு மேடையில் வீரவாள் வழங்குவது நம் வழக்கம். கைப்பையோடு வந்த விருந்தினர் அன்றிரவே விமானத்தில் திரும்புவார் என்றால் அந்த வாளோடு அவர் சோதனை வாசலில் என்ன செய்வார்? பரிசைக் கூரியரில் வீட்டுக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லுங்கள், அல்லது சால்வையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஆசான்களிடமும் சிலம்பச் சங்கங்களிடமும் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பக்கத்தில் பட்டியல் எழுதுங்கள்: கருவியின் பெயர், படம், நீளம், எண்ணிக்கை, எதற்குப் பயன்படுகிறது. சங்கத்தின் கடிதத்தையும் போட்டி அழைப்பிதழையும் அதோடு சேர்த்து ஒரு பிரதியைப் பெட்டியில் மேலாக வையுங்கள். இன்னொன்று கையில் இருக்கட்டும். அழைக்கும் ஊரில் சிலம்பக் கூடம் இருந்தால் கம்புகளை அங்கேயே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். தன் கைக்குப் பழகிய கம்பு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், நியாயம்தான். போட்டியில் ஆடும் கம்பை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பயிற்சிக்கும் ஊர்வலத்துக்கும் இரவல் போதும்.

பயணச்சீட்டு வாங்கும் அன்றே அந்தப் பட்டியலையும் எழுதிவிடுங்கள். புறப்படும் நாளில் எழுத உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று நிச்சயம் விமான நிலையத்திலேயே தங்கிவிடும்.