உமியும் விறகும் எரிபொருளாகப் பேணல்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 20 கிலோ உமி கிடைக்கும். நன்கு காய்ந்த 3 கிலோ உமி, 1 லீற்றர் உலையெண்ணெய்க்கு ஏறக்குறைய ஒப்பான வெப்பத்தைத் தரவல்லது. எனினும் ஆலையின் பின்புறத்தில் மாரி மழைக்கு நனையவிட்ட உமி பூஞ்சணம் பற்றிப் புகையையே தரும். ஆதலின் மேட்டு நிலத்தில் கிடுகாலேனும் தகரத்தாலேனும் வேய்ந்த கொட்டிலில் அதனைச் சேமித்தல் வேண்டும். உமி பருமன் மிக்கது, பாரம் குறைந்தது. தூர இடத்துக்கு ஏற்றினால் கூலியே விலையை விழுங்கிவிடும். ஊரில் நெல் அவிப்பதற்கு அதனை உபயோகித்தலே இலாபம்.

இனி விறகைப் பற்றிச் சொல்வேன். சீமைக்கிளுவை நம் வேலிகளில் நிற்பது. 2005 ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனைத் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக ஏற்றுக்கொண்டது. இலை வயலுக்குப் பசளை. கொப்பு கொதிகலனுக்கு விறகு. ஆனால் வெட்டிய அன்றே நிறுத்து விற்றால், நிறையில் ஏறக்குறைய பாதி நீரே. அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தின் ஒரு பகுதி வீணாகும். கொப்புகளைத் துண்டித்து, நிலத்தில் படாதவாறு மரக்குற்றிகளின் மேல் இடைவெளி விட்டு அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூடுங்கள். பக்கங்களை மூடினால் காற்றுப் புகாது.

ஒரு கூட்டத்தில் முதிய கமக்காரர் ஒருவர், "தம்பி, காய்ந்தால் நிறை குறையுமே, நட்டம் எனக்கல்லவோ?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. 100 கிலோ பச்சை விறகு, ஈரம் ஐந்திலொன்றாகக் குறையும்வரை காய்ந்தால் 62 கிலோ அளவே நிற்கும். கணக்குக்காகப் பச்சை விறகு கிலோ 10 ரூபா எனக் கொண்டால், காய்ந்ததற்கு 16 ரூபாவேனும் கிடைத்தாலன்றிக் கட்டுப்படியாகாது. ஆகவே வெட்டுமுன்னரே இரு விலைகளையும் கேட்டறியுங்கள். ஒரே விலைதான் என்பவருக்குக் காய்ந்த விறகைக் கொடுக்க வேண்டாம். அதனை வீட்டு அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கோலையும் எரிபொருளாக்கலாமா என்று சிலர் வினவுகின்றனர். நான் அதற்கு உடன்படேன். பயிர் நிலத்திலிருந்து எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே இருக்கின்றது. அது வயலுக்கே மீளவேண்டும்.

முக்கியமானது தீ. நான் பணியேற்ற ஆண்டில், ஓர் ஆலையின் பின்புறம் கொட்டியிருந்த உமிச்சாம்பலில் ஒரு சிறுவன் விளையாட ஏறினான். மேலே சாம்பல் வெண்மையாக ஆறிக்கிடந்தது, உள்ளே தணல். இரு பாதங்களும் வெந்துபோயின. நீறு பூத்த நெருப்பென்று நாம் வாயாற் சொல்வதை அன்று கண்ணாற் கண்டேன். உமிக் குவியல் நாட்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். சாம்பற் குவியலைச் சுற்றி வேலி அடையுங்கள். தடியாற் கிளறிக் கிளறி நீர் ஊற்றி, சூடு முற்றாக அற்ற பின்னரே அள்ளுங்கள். அள்ளும்போது மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொள்ளுங்கள். அத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.