எஸ்தோனியா பாடிய ஆண்டு



பால்டிக் கடலோரத்திலே எஸ்தோனியா என்றொரு சிறுநாடு. 1988ஆம் ஆண்டிலே அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 15 லட்சம், அவ்வளவே! அந்த ஓராண்டின் கதையைத்தான் உங்களிடம் கூற விழைகிறேன்.

1940இலே சோவியத் ஒன்றியம் அந்நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. நீலம், கருப்பு, வெள்ளை என மூன்று நிறமும் சேர்ந்து கொடியாகப் பறந்தால் குற்றம்! 1988 ஏப்ரலிலே, தார்த்து நகரில் கூடியோர் என்ன செய்தனர், தெரியுமா? நீலத்துணி ஒன்று, கருப்புத்துணி ஒன்று, வெள்ளைத்துணி ஒன்று. தனித்தனியே உயர்த்திப் பிடித்தனர், பக்கம் பக்கமாக! கொடிக்குத்தானே தடை, துணிக்கு ஏது? ஜூன் 23இலே அரசே அந்நிறங்களை ஏற்றுக்கொண்டது.

அதே ஜூன் மாதத்து இரவுகளிலே, தலைநகர் தாலினின் பாட்டுத் திடலில் மக்கள் ஆயிரமாயிரமாய்த் திரண்டு பாடினர். 1869 முதல் பாட்டு விழா கண்ட இனமன்றோ! செப்டம்பர் 11 அன்று அங்கே கூடியோர் சுமார் 3 லட்சம் என்று கணக்கிட்டனர். ஐவரில் ஒருவர்! 'பாடும் புரட்சி' என்று அது பெயர் பெற்றது.

அழகான பெயர்தான். ஆயின், பாட்டுக்குப் பின்னே நடந்த பணியை அந்தப் பெயர் மறைத்துவிடுகிறது. பாடிக் கலைந்திருந்தால் மாஸ்கோவுக்கு என்ன கவலை? ஏப்ரல் 13 இரவு, தொலைக்காட்சியிலே எட்கர் சாவிசார் ஒரு யோசனை சொன்னார். மக்கள் முன்னணி பிறந்தது. குடியரசுகளின் உரிமையைக் குறைக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை மாஸ்கோ கொணர முற்பட்டபோது, அதை எதிர்த்துத் திரண்ட கையெழுத்துகள் 8 லட்சத்துக்கும் மேல். நாட்டிலே பாதிப்பேர்!

அதன் பிறகே, நவம்பர் 16இலே, எஸ்தோனிய உச்ச சோவியத் வாய் திறந்தது. மாஸ்கோ சொன்னதற்குத் தலையசைத்தே பழகிய மன்றம், எஸ்தோனிய மண்ணில் எஸ்தோனியச் சட்டமே மேலானது என்று அறிவித்தது. ஆதரவு 258, எதிர்ப்பு 1, நடுநிலை 5. பத்தே நாளில், செல்லாது என்றது மாஸ்கோ. டிசம்பர் 7இலே மன்றம் மீண்டும் உறுதிப்படுத்தியது. அன்றே எஸ்தோனிய மொழியை அரசு மொழியாகவும் ஆக்கியது. 1934இலே மக்களில் 88 விழுக்காடாயிருந்த எஸ்தோனியர், 1989 கணக்கெடுப்பில் 61.5 விழுக்காடு, மொழியைப் பற்றிய அவர்தம் அச்சத்திற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

அச்சம் மறுபுறமும் இருந்தது. ஆலைகளுக்கென வந்து குடியேறிய ரஷ்ய மொழித் தொழிலாளர், ஜூலையிலேயே தனி இயக்கம் கண்டனர். மாஸ்கோவின் கைப்பாவைகள் என்று அவர்கள் அனைவரையும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தன் பிள்ளை நாளை எம்மொழியில் வேலை கேட்பான் என்று ஏங்கிய தந்தையரும் அவர்களிடையே இருந்திருப்பர்.

1991 ஆகஸ்ட் 20இலே எஸ்தோனியா விடுதலையை மீட்டது, உயிர்ப்பலி இன்றி! ஆனால் 1940க்குப் பின் வந்தோர்க்கும் அவர்தம் பிள்ளைகட்கும் குடியுரிமை தானாகக் கிட்டவில்லை. 1992இலே ஏறத்தாழ மூன்றில் ஒருவர் எந்நாட்டுக் குடிமகன் என்று வரையறுக்கப்படாமல் நின்றனர். அத்தொகை பின்னர் வெகுவாகக் குறைந்தது, இன்னும் தீர்ந்தபாடில்லை.