திறந்த மூல நிரலும் வில்லங்கமும்

நிலம் வாங்குவோர் பத்திரத்தின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து முன்பணம் கொடுப்பதில்லை. தாய்ப்பத்திரத்தைக் கேட்பர், வில்லங்கச் சான்று பெறுவர். மென்பொருளை எடுத்தாளும் அலுவலகங்களில் இப்பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

மூல நிரல் திறந்து வழங்கப்படும் மென்பொருளை அரசு அலுவலகங்கள் முன்னுரிமை தந்து ஏற்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவித்த கொள்கை. அதே ஆண்டில் வெளியான மற்றொரு கொள்கை, ஒரு துறை தன் செலவில் எழுதச் செய்த நிரலைப் பிற துறைகளும் பயன்படுத்துமாறு திறந்து வைக்க வகை செய்தது. இதற்கான பொதுக் களமாக ஓப்பன்ஃபோர்ஜ் 2017-இல் தொடங்கப்பட்டது. ஒரே பணிக்குப் பல முறை பொதுப்பணம் செலவாவதைத் தவிர்ப்பதே இவற்றின் பொருளாதாரம்.

ஆனால், இன்று எந்த நிரலும் முழுவதும் ஒருவரால் எழுதப்படுவதில்லை. படம் வரைதல், அச்சிடுதல் போன்ற பணிகளுக்கு ஏற்கெனவே ஆயத்தமாக உள்ள துணை நிரல்களை எழுதுவோர் சேர்த்துக்கொள்கின்றனர். இவற்றை லைப்ரரி என்பர். தொகுப்பின் முகப்பில் திறந்த உரிமம் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே ஒரு மூலையில், வேறொரு நிறுவனத்துக்கு உரிய லைப்ரரி மூல நிரலின்றி இயங்குவடிவில் மட்டும் கிடக்கும். தமக்கு உரிமையில்லாத ஒன்றை முகப்பு உரிமத்தால் எவரும் பிறருக்கு வழங்கிவிட முடியாது.

இதற்குத் தக்க சான்று ஜாவா. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அதனைத் திறக்கப்போவதாக 2006 நவம்பரில் அறிவித்து, 2007 மே மாதத்தில் பெரும்பகுதியை வெளியிட்டது. எனினும் அதன் லைப்ரரிகளில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை வெளியிட அந்நிறுவனத்துக்கே உரிமை இல்லை. எழுத்துருவைத் திரையில் வரைதல், வரைகலை, ஒலி, வண்ண மேலாண்மை ஆகிய பகுதிகள் அதில் அடங்கும். அளவில் சிறிதெனினும், அவையின்றி முழுமையான ஜாவா கிடையாது. உரிமையாளர் ஒருவரே, வழக்கறிஞர்களும் உடனிருந்தனர். அங்கேயே நிலைமை இதுவாயின், எவரோ தொகுத்த நிரலை ஒரே நாளில் இறக்கிக்கொள்ளும் அலுவலகத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ரெட்ஹேட் நிறுவனம் 2007 ஜூனில் தொடங்கிய ஐஸ்டீ திட்டம் அப்பகுதிகளுக்கு மாற்று தேடியது. எழுத்துருவுக்கு ஃப்ரீடைப், வண்ணத்துக்கு லிட்டில் சி.எம்.எஸ். என ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. அவ்வாறு உருவான ஜாவா முறையான பொருத்தச் சோதனையைக் கடந்தது 2008 ஜூனில்.

அலுவலகங்களில் சிக்கல் பெரும்பாலும் தாமதமாகவே வெளிப்படுகிறது. தனியுடைமை லைப்ரரிகள் பல, பயன்படுத்த அனுமதிக்கும். பிறருக்கு வழங்க அனுமதிக்கமாட்டா. ஒரு துறை தன் கணிப்பொறிகளில் மட்டும் ஓட்டும்வரை இடையூறில்லை. மற்றொரு மாநிலம் அதே நிரலைக் கேட்கும்போது, பயன்படுத்துபவராக இருந்த துறை வழங்குபவராக மாறுகிறது. பகிர்தலை வற்புறுத்தும் கொள்கையே மறைந்திருந்த வில்லங்கத்தை வெளிக்கொணர்கிறது.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரலை இலக்கியப் படைப்புகளில் சேர்க்கிறது. உரிமை மீறிய நிரலை அறிந்தே பயன்படுத்துவோருக்கு 63-பி பிரிவின்கீழ் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 இலட்சம் வரை அபராதமும் உண்டு. வணிக ஆதாயம் இல்லாதவிடத்து நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். ‘அறிந்தே’ என்ற சொல்லைக் கண்டு, ஆராயாமலிருப்பதே பாதுகாப்பு என எண்ணுவோர் உளர். இது தவறான கணக்கு. அறியாமல் செய்ததாக மெய்ப்பித்தாலும், 55-ஆம் பிரிவின்படி தடையாணை பெறும் உரிமை படைப்பின் உரிமையாளருக்கு உண்டு. ஓய்வூதியம் கணக்கிடும் நிரலுக்குத் தடை வந்தால் காத்து நிற்போர் முதியோரே. நிரலை எழுதித் தந்து தொகை பெற்றுச் சென்ற ஒப்பந்தக்காரர் அல்லர்.

ஆகவே, ஆராயும் செலவு தொடக்கத்திலேயே ஏற்கப்பட வேண்டும். அப்போதுதான் அது குறைவு. நிரலில் அடங்கிய ஒவ்வொரு கூறும் யாருடையது, எந்த உரிமத்தின்கீழ் வந்தது என்ற பட்டியலை இறுதித் தவணைக்கு முன் ஒப்பந்தக்காரரிடம் பெறலாம். இத்தகைய பட்டியலுக்கான தொழில்நுட்ப வழிகாட்டு நெறிகளைச் செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்டது. பாதுகாப்பை முதன்மையாகக் கருதி எழுதப்பட்டவையெனினும் உரிமத்துக்கும் அவை பயன்படும். பட்டியலில் உரிமம் விளங்காத கூறு தென்பட்டால் உரிமையாளரிடம் எழுத்து வடிவில் அனுமதி கேட்க வேண்டும். வாய்மொழி இசைவு போதாது, 30-ஆம் பிரிவு எழுத்தைக் கோருகிறது. அனுமதி கிடைக்காவிடில் அக்கூறை நீக்கி, பெறுவோர் தாமே முறைப்படி வாங்கிப் பொருத்திக்கொள்ளுமாறு விடலாம். உரிமையாளர் யாரென்றே தெரியாவிடில், அல்லது அந்நிறுவனம் கலைந்துபோயிருந்தால், ஐஸ்டீ சென்ற நெடுவழியே எஞ்சுகிறது: மாற்றைத் தேடுதல், இல்லையேல் புதிதாக எழுதுதல். அதற்கான தொகையை மதிப்பீட்டிலேயே சேர்த்த துறைகள் மிகச் சிலவே.