மலையோடையும் இறகுத் தூண்டிலும்



மீன்பிடித்தல் என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன கடலும் வலையும் கட்டுமரமுமே. நம் பழைய இலக்கியங்களும் அத்தொழிலைப் பெரும்பாலும் நெய்தல் நிலத்துக்கே உரிமையாக்கின. பனி மூடிய மலையோடையொன்றில் முழங்காலளவு நீரில் நின்று, இறகாலும் நூலாலும் கட்டிய ஒரு பொய் ஈயைக் கொண்டு மீனைப் பிடிக்கும் கலை நமக்கு அயலானது. ஆயினும் அக்கலையும், அதற்குரிய டிரவுட் என்னும் மீனும் நமது மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்தன. அவை வந்த வரலாற்றையும், வந்ததனால் எழுந்த ஒரு வினாவையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலில் அம்மீனை அறிந்துகொள்வோம். டிரவுட், சால்மன் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. தெளிந்ததும் குளிர்ந்ததும் பிராணவாயு நிறைந்ததுமான நீரிலேயே அது செழித்து வாழும். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசைத் தாண்டினால் வருந்தும். 25 பாகையை எட்டினால் உயிர் தாங்குதல் அரிது. ஓடையில் அது நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். கல்லொன்றின் மறைவில், ஓட்டத்தின் வேகம் தணிந்த இடத்தைத் தேர்ந்துகொண்டு, நீர் தன்பால் கொண்டுவரும் இரைக்காகக் காத்திருக்கும்.

அவ்விரையுள் முதன்மையானது, ஆங்கிலேயர் மேபிளை என்று அழைக்கும் சிறு பூச்சி. அது தன் வாழ்நாளில் பெரும்பகுதியை, பல மாதங்களையோ ஓரிரண்டு ஆண்டுகளையோ, நீரடியில் இளம் பருவத்திலேயே கழிக்கின்றது. பின்னர் நீர்மட்டத்துக்கு எழுந்து சிறகு பெறுகின்றது. சிறகு பெற்றபின் அதற்கு உணவில்லை. உண்பதற்கு ஏற்ற வாயுமில்லை. சில மணி நேரமோ ஓரிரு நாளோ பறந்து, முட்டையிட்டு மடிகின்றது. அப்பூச்சிகள் நீரிலிருந்து கூட்டமாக எழும் வேளையே டிரவுட்டுக்கு விருந்து வேளை. தூண்டிற்காரன் எதிர்பார்த்திருப்பதும் அவ்வேளையையே.

இனி அவன் கையாளும் முறையைப் பார்ப்போம். நாம் அறிந்த தூண்டிலில் இரையின் பாரமோ ஈயக்குண்டின் பாரமோ நூலை இழுத்துச் செல்லும். இறகால் ஆன ஈக்கோ பாரம் இல்லை. ஆதலால் இங்கே நூலையே பாரமுள்ளதாகச் செய்கின்றனர். தூண்டிற்கோலை வீச, நூல் முதலில் பின்புறம் வான்வழியே விரிந்து நேராகின்றது. பின்னர் முன்னோக்கி வீச, விரிந்து நீண்டு, நுனியிலுள்ள மெல்லிழையையும் ஈயையும் நீர்மேல் இறக்குகின்றது. பூவிதழ் உதிர்வதுபோல் ஈ விழவேண்டும். விழுந்த பின்னும் சோதனை தீர்வதில்லை. நீரோட்டம் நூலைப் பற்றி இழுக்குமாயின், ஈ தன்னைச் சூழ்ந்த நீரைவிட வேகமாக ஓடும். மீன் அவ்வஞ்சகத்தை அறிந்து விலகிவிடும்.

மீனின் கண்ணும் கருதத்தக்கது. நீருக்குள்ளிருந்து மேலே நோக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டச் சாளரத்தினூடாகவே தெரிகின்றது. அப்பார்வைக் கூம்பின் விரிவு ஏறத்தாழ 97 பாகை. கரையோரத்தில் தாழ்ந்திருக்கும் பொருள்கள் அச்சாளரத்தின் விளிம்பில் நசுங்கி மங்கிவிடும். ஆகவே தூண்டிற்காரன் குனிந்து, மீனின் பின்புறமாக, ஓடையின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மெல்ல நடக்கின்றான். அடியோசையின் அதிர்வையும் மீன் தன் உடலின் பக்கக் கோட்டால் உணருமாதலால், கால் வைப்பதிலும் அவனுக்குக் கவனம் வேண்டும். நீரைக் கண்டு, பூச்சியைக் கண்டு, மீனின் நிலையைக் கண்டு, அதன்பின்னரே கையை அசைக்கவேண்டும். மாணவனுக்கு நாம் ஓயாது போதிக்கும் கவனம் என்னும் குணம் இதைவிடச் செம்மையாக எங்கே பழக்கப்படுகின்றது?

இக்கலை பழமையானது. உரோமப் பேரரசின் காலத்தில் வாழ்ந்த ஏலியன் என்பவர், மசிடோனியா நாட்டார் செந்நிறக் கம்பளி நூலையும் சேவலின் இறகையும் தூண்டில் முள்ளில் கட்டி ஆற்றுமீன் பிடித்த செய்தியைக் குறித்து வைத்துள்ளார். இங்கிலாந்தில் 1496ஆம் ஆண்டிலேயே தூண்டிற்கலை பற்றிய நூலொன்று அச்சேறிற்று. 1653இல் ஐசாக் வோல்ட்டன் தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அவர் நண்பர் சாள்ஸ் கொட்டன், டவ் என்னும் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர். தெளிந்த ஓடையில் பொய் ஈயால் டிரவுட் பிடிக்கும் முறையை விளக்கி, 1676இல் வந்த பதிப்பில் ஒரு பகுதியை எழுதிச் சேர்த்தார். மிதக்கும் ஈயே சிறந்ததென 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹல்போட் வாதிட்டார். நீருள் அமிழும் ஈயும் ஏற்புடையதே என 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கியூஸ் மறுத்துரைத்தார். இருவரும் பூச்சியின் பருவங்களை நுணுகி ஆராய்ந்தவர்களே.

இத்துணைக் கூர்மையாக நீரை நோக்கியவர்களின் சமூகம், ஒன்றை மட்டும் நோக்கத் தவறிவிட்டது. ஆங்கிலேயர் தாம் குடியேறிய நாடுகளுக்கெல்லாம் தமது மீனையும் உடன்கொண்டு செல்ல விரும்பினர். தன் ஊர் ஓடையை நினைந்து ஏங்குவது மனித இயல்பே. ஆனால் அம்மீன் சென்று சேரும் நீரில் முன்னரே வாழ்ந்திருந்த உயிர்கள் யாவை என்று கேட்டவர் அரியர்.

1864ஆம் ஆண்டு நோர்போக் என்னும் கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. யூல் என்பவரின் முயற்சியால், பனிக்கட்டிக்கிடையே ஈரப்பாசியில் பொதியப்பட்ட சால்மன் முட்டைகள் பெருந்தொகையாக அதில் ஏற்றப்பட்டன. டிரவுட் முட்டைகள் சில ஆயிரமே. அவையும் கடைசியில் சேர்க்கப்பட்டவை. ஏறத்தாழ மூன்று மாதம் வெப்ப மண்டலத்தைக் கடந்து அம்முட்டைகள் அவுஸ்திரேலியாவை அடைந்தன. அங்கிருந்து தஸ்மேனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பொரித்த சால்மன் குஞ்சுகள் கடலுக்குச் சென்றன, திரும்பி வரவில்லை. எவரும் பெரிதாக எண்ணாத டிரவுட்டோ அங்கேயே நிலைத்துப் பெருகிற்று. அங்கிருந்து நியூசிலாந்துக்கும் பரவிற்று.

நமது நாட்டுக்கு டிரவுட் 1880களில் வந்தது. முதலில் வந்தது ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட். அது நம் ஓடைகளில் தானே இனம்பெருக்கி நிலைபெறவில்லை. பின்னர் வட அமெரிக்காவின் மேற்குக்கரை ஆறுகளுக்குரிய வானவில் டிரவுட் கொண்டுவரப்பட்டது. 1896இல் சிலோன் பிஷிங் கிளப் என்னும் கழகம் தோன்றி, மலைநாட்டு ஓடைகளில் மீன்குஞ்சுகளை விட்டு வளர்த்தது. நுவரெலியாவின் சுற்றுப்புறத்திலும், 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த ஹோட்டன் சமவெளியிலும் தேயிலைத் தோட்டத் துரைமார் தூண்டிலுடன் நடந்தனர். தமிழகத்தின் நீலகிரியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1860களில் அங்கே பிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் வெற்றி கண்டார்.

வெற்றி என்றேன். சூதிலே பெறும் வெற்றியை, இரையென்று எண்ணி மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். இவ்வெற்றியும் அவ்வகையினதோ என்று இன்று ஆராய்ச்சியாளர் கேட்கின்றனர். நியூசிலாந்தின் தையேரி ஆற்றுப் பகுதியில், அந்நாட்டுக்கே உரிய சிறுமீன்கள் பெரும்பாலும் உயர்ந்த நீர்வீழ்ச்சிகளுக்கு மேலேதான் எஞ்சியிருக்கக் காணப்பட்டன. டிரவுட்டினால் ஏறமுடியாத இடங்கள் அவை. அமெரிக்காவின் சியரா நெவாடா மலையேரிகளில், மனிதர் விட்ட டிரவுட் அவ்விடத்துத் தவளையினத்தை அருகச் செய்தது. சில ஏரிகளிலிருந்து மீனை அகற்றியபோது தவளைகள் மீண்டும் பெருகின. நம் ஹோட்டன் சமவெளி ஓடைகளில், உலகில் வேறெங்கும் காணப்படாத நன்னீர் இறாலினம் ஒன்று வாழ்கின்றது. வானவில் டிரவுட் அதற்கு ஊறு செய்யுமென்ற அச்சம் ஆராய்ச்சியாளரிடையே உண்டு. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு ஊற்றாய் விளங்கும் அந்நிலம் 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகவும் ஆயிற்று. கைவிரலளவு கூட இல்லாத ஓர் இறாலும் அம்மரபுரிமையின் பங்காளியே.

இதனால் தூண்டிற்கலையை இகழ்ந்தேன் என்று நேயர்கள் கருதலாகாது. டிரவுட் பிறந்த நாட்டு ஆறுகளில் ஆலைக்கழிவு கலந்தபோது, அதனை எதிர்த்து வழக்காடியவர்களுள் தூண்டிற்காரர் முன்னின்றனர். அம்மீன் வாழுமிடத்தில் நீர் தூயது என்பது அவர்களுக்குத் தெரியும். பிடித்த மீனைக் காயப்படுத்தாது மீண்டும் நீரில் விடும் வழக்கமும் அவர்களிடையே பரவியுள்ளது. உள்ளூர் மீனை உள்ளூர் ஓடையில் நாடும்வரை இக்கலையால் நீருக்குப் பகையில்லை.

நாம் கொள்ளவேண்டியது அவர்களது கவனம், அவர்களது மீனையன்று. அழகுக்காகவும் உணவுக்காகவும் அயல்நாட்டு மீன்களை வாங்கி வளர்ப்போர், அலுத்தபின் அவற்றை அருகிலுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுதல் நம்மிடையேயும் நடக்கின்றது. விடுவது ஒரு கணம். திருப்பி எடுத்தலோ பல தலைமுறைக்கும் இயலாது போகலாம். ஆசிரியர்கள் தம் மாணவரை அண்மையிலுள்ள ஓடைக்கு அழைத்துச் சென்று, ஒரு கல்லைப் புரட்டி, அதனடியில் வாழ்வன யாவை என்று எழுதச் செய்வார்களாயின், அதுவே நல்ல தொடக்கமாகும். நீரில் எதையேனும் சேர்க்குமுன், அதில் ஏற்கெனவே உள்ளதை அறிவோமாக.