தோற்கத் தெரிந்த புலி

எர்ணாகுளத்திலிருந்து ஆலுவாய்க்குச் செல்லும் வழியில் இருக்கிறது களமசேரி. பிழைப்பை நாடிக் கொச்சிக்கு வந்த நம்மவர் பலருக்கும் அது ஆலைகளின் ஊராகவே அறிமுகம். எச்.எம்.டி. ஆலை அங்கு எழுந்தது 1960களில். 1971இல் தோன்றிய கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருப்பதும் அங்கேதான். 2019இல் கேரள ஸ்டார்ட்அப் மிஷன் புதுத்தொழில் தொடங்குவோருக்கென்று பெரியதொரு வளாகத்தை அவ்வூரில் திறந்தது.

அவ்வூரில் கணினி விளையாட்டு ஆக்கும் கலையைப் பயிலும் தமிழ் இளைஞர் ஒருவரை நாம் அறிவோம். அவருடைய தந்தையார் மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கொன்றில் கணக்கெழுதி ஓய்ந்தவர். "மகன் என்ன செய்கிறான் என்று ஊரில் கேட்கிறார்கள். எதிரி செய்கிறான் என்று சொல்ல நாவெழவில்லை" என்று நம்மிடம் ஒருநாள் குறைபட்டுக் கொண்டார். அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இன்று உங்களுக்கும் சொல்லுகிறோம்.

இளைஞர் ஆக்கும் விளையாட்டில் ஒரு சிறுவன் காட்டைக் கடக்க வேண்டும். வழியில் ஒரு புலி. சிறுவனை இயக்குபவர் ஆடுபவர். புலியை இயக்குவது கணினி. அப்புலிக்கு உண்மையில் அறிவு ஏதும் இல்லை. உலாவுதல், துரத்துதல், பாய்தல், இருப்பிடம் திரும்புதல் என்னும் நான்கு நிலைகளே அதற்கு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு நிலைதான். வினாடிக்கு 60 முறை கணினி அதனிடம், "சிறுவன் எவ்வளவு தொலைவில் நிற்கிறான்?" என்று கேட்கிறது. விடைக்கேற்ப நிலை மாறும்.

கேட்பதற்கு எளிதுதான். ஆயினும் முதற்புலி நடுநடுங்கியது! சிறுவன் நூறு அளவுக்குள் வந்தால் துரத்து, வெளியே போனால் திரும்பு என்று இளைஞர் எழுதியிருந்தார். சிறுவனோ அந்த எல்லைக் கோட்டின் மேலேயே நின்றான். ஒரு கணம் துரத்தல், மறுகணம் திரும்பல். புலி குளிர் கண்டதுபோல் அங்கேயே துடித்தது. துரத்தத் தொடங்கும் எல்லையை நூறாகவும், கைவிடும் எல்லையை நூற்றைம்பதாகவும் வைத்த பின்னரே நடுக்கம் நின்றது. நம் இல்லத்து இஸ்திரிப் பெட்டியும் இம்முறையில்தான் இயங்குகிறது: அணைவது ஒரு சூட்டில், மீண்டும் எரிவது அதற்குக் குறைந்த வேறொரு சூட்டில்.

அடுத்த குறையைக் கண்டவர் தந்தையாரே. ஒரு மாலை மகன் அவரை ஆட வைத்தார். புலி நெருங்கிய கணத்திலேயே சிறுவன் மாண்டான். "இது கள்ள ஆட்டம், தம்பி. புலி பதுங்கவே இல்லையே!" என்றார் பெரியவர். அது முற்றிலும் உண்மை. கண்ணால் கண்டு கையை அசைக்க மனிதனுக்கு ஏறத்தாழ கால் வினாடி வேண்டும். கணினிக்கோ அந்தத் தாமதம் இல்லை. ஆகவே புலி பாய்வதற்கு முன் அரை வினாடி பதுங்கிக் காட்டும்படி செய்தார் மகன். எதிரியின் வலிமையைக் குறைத்தவுடன் விளையாட்டு சுவைத்தது. வெல்லவே முடியாத எதிரியை ஆக்குவதில் அருமை ஏதும் இல்லை. அது சோம்பேறியின் வேலை என்றே சொல்லுவோம்.

இதனை நன்கறிந்தவர் ஜப்பானியரான தோரு இவாதானி. 1980இல் நாம்கோ நிறுவனத்துக்காக அவர் தம் குழுவினருடன் உருவாக்கிய பாக்-மேன் விளையாட்டில் நான்கு பேய்கள் வரும். சிவப்புப் பேய் ஆடுபவன் நிற்கும் கட்டத்தையே குறி வைக்கும். இளஞ்சிவப்புப் பேய் அவன் முகம் நோக்கும் திசையில் நான்கு கட்டம் முன்னே குறி வைக்கும். ஆரஞ்சு நிறப் பேய் எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்தும். அதற்குள் வந்துவிட்டால் தன் மூலைக்கு நழுவிப் போகும். நீல நிறப் பேயோ சிவப்புப் பேய் நிற்குமிடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டே தன் குறியைத் தேரும். நாலும் கூடிச் சதி செய்வதாகவே ஆடுபவருக்குத் தோன்றும். ஆனால் சதி ஏதுமில்லை, விதிகளே உண்டு. இன்னொன்றும் அங்கே காணலாம். முதற்கட்டத்தில் ஏழு வினாடி அவை தத்தம் மூலைக்குக் கலைந்து, பின்னர் இருபது வினாடி துரத்தும். மூச்சு விட இடம் கொடுப்பதும் எதிரியின் கடமைகளுள் ஒன்றாயிற்று.

இவற்றைச் சொன்னபோது பெரியவர், "ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி உண்டே, இதில் ஒன்றுதானா?" என்று வினவினார். மகன் மறுநாளே மூன்றாக்கினார். மூன்றும் ஒரே குறியை நோக்கி ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே புலியாய்த் தெரிந்தன! ஆடுபுலியில் ஒரு புள்ளியில் இரு காய்கள் நிற்கலாகாது என்பதைப் பெரியவர் நினைவூட்டினார். இப்போது ஒவ்வொரு புலியும் தன் பக்கத்துப் புலியிலிருந்து விலகி நடக்கும்படி மகன் எழுதிக்கொண்டிருக்கிறார். மட்டாஞ்சேரியிலிருந்து தந்தையார் ஞாயிறுதோறும் பேருந்தேறிச் சென்று அதனைச் சோதித்து வருகிறார்.