கோடு போடும் கை

 

இன்றைய பேச்சு ஒரு படிப்பைப் பற்றியது. வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை ஆகியவற்றை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லித் தரும் படிப்பு அது. அதைப் படிக்க ஆசைப்படும் ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் பேசுவோம்.

வீடு கட்டும் இடத்தைப் பார்க்காதவர் யாரும் இல்லை. அங்கே மேஸ்திரி இருப்பார். கொத்தனார் இருப்பார். சித்தாள் இருப்பார். கம்பி கட்டுபவரும் தச்சரும் இருப்பார்கள். இவர்களை எல்லாருக்கும் தெரியும். இவர்களில் பலர் நம் வீட்டுக்காரர்கள்தான். ஆனால், முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடும் ஒருவர் உண்டு. அவர்தான் கட்டடக் கலைஞர். ஆர்க்கிடெக்ட் என்றும் சொல்வார்கள்.

அவர் என்ன செய்வார்? முதலில் மனையைப் பார்ப்பார். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது? காற்று எங்கிருந்து வருகிறது? மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? இதையெல்லாம் கவனிப்பார். பிறகு வீட்டில் இருக்கப் போகிறவர்களிடம் பேசுவார். எத்தனை பேர்? வயதானவர்கள் உண்டா? வீட்டிலேயே தையல் வேலை, பீடி வேலை செய்பவர்கள் உண்டா? எல்லாம் கேட்பார். அதற்குப் பிறகுதான் தாளில் கோடு போடுவார். அட்டையை வெட்டிச் சின்ன வீடு ஒன்றும் செய்து காட்டுவார். கட்டடம் எடையைத் தாங்குமா, எவ்வளவு கம்பி வேண்டும் என்று கணக்குப் போடுபவர் பொறியாளர். அந்தக் கட்டடத்தில் மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்று யோசிப்பவர் கட்டடக் கலைஞர். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் நல்ல கட்டடம் எழும்பும்.

சில பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்காது. காலித் தீப்பெட்டிகளை அடுக்கி மாடி வீடு கட்டுவார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோயில் கோபுரம் வரைவார்கள். வாசலில் புள்ளிக் கோலம் போட்டால் ஒரு புள்ளிகூடத் தவறாது. இதைப் பார்த்துப் பெற்றோர் என்ன சொல்வார்கள்? "கிறுக்குவதை விட்டுவிட்டுப் பாடத்தைப் படி" என்பார்கள். அப்படிச் சொல்வதில் கெட்ட எண்ணம் இல்லை. பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற கவலைதான். ஆனால், வரைவதும் ஒரு படிப்புக்கான தொடக்கம் என்று பலருக்குத் தெரியாது.

இப்படி வரைந்த ஒரு பையனின் கதையைக் கேளுங்கள். இது நடந்த கதை.

அவர் பெயர் பாலகிருஷ்ண தோஷி. மகாராஷ்டிர மாநிலம் புனே நகரில் 1927-ஆம் ஆண்டு பிறந்தார். குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது தாய் இறந்துவிட்டார். தாத்தாவும் அத்தைமார்களும் உறவினர்களும் வளர்த்தார்கள். தாத்தாவுக்கு மரச்சாமான் செய்யும் பட்டறை இருந்தது. மரத்தின் மணமும் மெருகெண்ணெயின் மணமும் நிறைந்த இடத்தில் பையன் வளர்ந்தான். பதினொரு வயதில் ஒரு தீ விபத்து நேர்ந்தது. காலில் காயம் பட்டது. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் லேசாகச் சாய்ந்துதான் நடந்தார்.

பையன் நன்றாக வரைந்தான். அளவு தவறாமல் வரைந்தான். இதை ஒரு பள்ளி ஆசிரியர் கவனித்தார். "கட்டடக் கலை என்று ஒரு படிப்பு இருக்கிறது" என்பதை அந்த ஆசிரியர் மூலம்தான் தோஷி தெரிந்துகொண்டார். ஓர் ஆசிரியர் கண்ணைத் திறந்து பார்த்ததால் ஒரு வாழ்க்கையே மாறியது. 1947-ஆம் ஆண்டு, நாடு விடுதலை பெற்ற ஆண்டில், மும்பையில் உள்ள சர் ஜே.ஜே. கல்லூரியில் அவர் இந்தப் படிப்பில் சேர்ந்தார்.

பிறகு கப்பல் ஏறி லண்டன் போனார். அங்கிருந்து பிரான்சு நாட்டின் பாரிஸ் நகருக்குப் போனார். அங்கே லெ கார்புசியே என்ற புகழ் பெற்ற கட்டடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். தோஷிக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது. முதல் எட்டு மாதம் சம்பளமும் கிடையாது. ஆனாலும் கற்றுக்கொண்டார். 1954-ஆம் ஆண்டு இந்தியா திரும்பினார். அகமதாபாத் நகரில் தங்கிவிட்டார். ஏழைகளுக்கு நல்ல வீடு அமைத்துத் தருவதைத் தன் வாழ்நாள் கடமையாக ஏற்றுக்கொண்டார்.

1962-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் கட்டடக் கலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தன்னுடைய அலுவலகத்துக்கு 'சங்காத்' என்று பெயர் வைத்தார். 1980-இல் கட்டிய அந்தக் கட்டடம் பாதி தரைக்குக் கீழே இருக்கிறது. மேற்கூரையின் மேல் உடைந்த பீங்கான் ஓட்டுத் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். வெள்ளைத் துண்டுகள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. உள்ளே சூடு குறைகிறது. வேண்டாம் என்று கழித்த துண்டுகள்தான் கூரையைக் காக்கின்றன!

அவர் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம். மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் என்ற நகரம் இருக்கிறது. அங்கே 'ஆரண்யா' என்ற குடியிருப்பை 1980-களில் தோஷி அமைத்தார். அது ஏழை எளியவர்களுக்கான குடியிருப்பு. சுமார் 6,500 வீடுகள். 80,000 பேருக்கு இடம். மிகச் சிறிய மனையின் அளவு சுமார் 35 சதுர மீட்டர். அதாவது ஒரு சென்ட்டுக்கும் குறைவு.

அவ்வளவு சிறிய இடத்தில் என்ன செய்ய முடியும்? தோஷி ஒரு வழி கண்டார். முழு வீட்டையும் கட்டிக் கொடுத்தால் ஏழையால் விலை கொடுக்க முடியாது. ஆகவே அடித்தளம் போட்டார்கள். கழிப்பறை வைத்தார்கள். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்சாரம் எல்லாம் கொண்டு வந்தார்கள். மீதியைக் குடும்பம் தன் வசதிக்கு ஏற்பக் கட்டிக்கொள்ளலாம். கையில் காசு வரும்போது ஓர் அறை சேர்க்கலாம். மகனுக்குத் திருமணம் ஆனால் மாடி எடுக்கலாம். எப்படிக் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளை வரைந்து கொடுத்தார். வசதி உள்ளவர்களுக்குப் பெரிய மனைகளை விற்றார்கள். அதில் வந்த பணம் ஏழைகளின் மனை விலையைக் குறைக்க உதவியது. இந்தக் குடியிருப்புக்கு 1995-ஆம் ஆண்டு ஆகா கான் விருது கிடைத்தது.

2018-ஆம் ஆண்டு தோஷிக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. கட்டடக் கலையில் உலகின் மிக உயர்ந்த பரிசு அது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அப்போது அவருக்கு வயது 90. 2023 ஜனவரி மாதம் அவர் காலமானார்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். தோஷி குழந்தையிலேயே தாயை இழந்தவர். காலில் காயம் பட்டவர். ஆனாலும் அவருக்குப் பின்னால் ஒரு பட்டறை இருந்தது. ஒரு பெரிய குடும்பம் இருந்தது. எட்டு மாதம் சம்பளம் இல்லாமல் வேலை கற்றார். தினக்கூலி வீட்டுப் பிள்ளையால் அது முடியுமா? முடியாது. ஆகவே "தோஷி படித்தார், நீயும் படி" என்று சொல்லிவிட்டுப் போனால் அது நியாயம் ஆகாது.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தாய் சித்தாள் வேலைக்குப் போகிறார். தந்தைக்கு உடம்பு சரியில்லை. மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே அறை. அதிலேயே அடுப்பு. அதிலேயே படுக்கை. மழை வந்தால் ஒரு மூலையில் பாத்திரம் வைக்க வேண்டும். மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். நன்றாக வரைகிறாள். "அம்மா, நான் ஆர்க்கிடெக்ட் படிக்கிறேன்" என்கிறாள். தாய்க்குத் திகைப்பு. "அஞ்சு வருஷமா? யாரால ஆகும் கண்ணு? தம்பி தங்கையெல்லாம் இருக்காங்களே" என்கிறார்.

தாய் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் மகளிடம் ஒரு செல்வம் இருக்கிறது. ஒற்றை அறையில் அடுப்புப் புகை எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். கழிப்பறை இல்லாத வீட்டில் ஒரு பெண் விடியுமுன் ஏன் எழுகிறாள் என்று தெரியும். படிக்கும் பிள்ளைக்கு விளக்கு எந்த மூலையில் வேண்டும் என்று தெரியும். இதை எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராது. நாளைக்கு ஏழைகளுக்கு வீடு வரைய இப்படிப்பட்ட பெண்ணும் வேண்டாமா? அவள் ஆசை வீண் ஆசை இல்லை. ஊருக்குப் பயன்படும் ஆசை.

சரி, வழி என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படிப்பின் பெயர் பி.ஆர்க். ஐந்து ஆண்டுப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். ஆகவே பத்தாம் வகுப்பு முடிந்ததுமே இதை யோசிக்க வேண்டும். கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்துவிட்டால் பிறகு வழி அடைபடும். சேர்வதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. ஒன்றின் பெயர் 'நாட்டா'. கட்டடக் கலைக் கவுன்சில் அதை நடத்துகிறது. மற்றொன்று ஜே.இ.இ. தேர்வின் இரண்டாம் தாள். தில்லி, போபால், விஜயவாடா ஆகிய ஊர்களில் உள்ள மத்திய அரசுப் பள்ளிகளுக்கு இந்தத் தாள் வேண்டும். இரண்டு தேர்விலும் வரைவதற்குத் தனிப் பகுதி உண்டு. குடம், சைக்கிள், பேருந்து நிலையம் என்று கண்ணில் படுவதை எல்லாம் தினமும் வரைந்து பழகலாம். அதற்குத் தாளும் பென்சிலும் போதும்.

அடுத்தது பணம். அரசுக் கல்லூரியில் கட்டணம் தனியார் கல்லூரியைவிட மிகவும் குறைவு. ஆகவே முதலில் அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கும் தனித் திட்டங்கள் உண்டு. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முன்பே வாங்கி வைக்க வேண்டும். கடைசி நாளில் ஓடினால் கிடைக்காது.

வங்கியில் கல்விக் கடன் உண்டு. ஏழரை லட்சம் ரூபாய் வரை வீட்டையோ நிலத்தையோ ஈடு வைக்காமல் கடன் பெற அரசு உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகுதான் தவணை கட்டத் தொடங்க வேண்டும். 2024 நவம்பர் மாதம் மத்திய அரசு 'பி.எம். வித்யாலட்சுமி' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பட்டியலில் உள்ள நல்ல கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களுக்கு இது உதவும். ஆனாலும் கடன் கடன்தான். வாங்கும் முன் கணக்குப் பார்க்க வேண்டும். கல்லூரிக் கட்டணம் மட்டும் செலவு இல்லை. வரைதாள், அட்டை, கணினி, விடுதி, ஊர் ஊராகச் சென்று கட்டடங்களைப் பார்க்கும் பயணம் எல்லாம் உண்டு. படித்து முடித்த உடனே பெரிய சம்பளம் வந்துவிடாது. முதல் சில ஆண்டுகள் மூத்தவர்களிடம் உதவியாளராகத்தான் வேலை பார்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் பிறகு ஏமாற்றம் இராது.

ஐந்து ஆண்டு காத்திருக்கவே முடியாத வீடும் உண்டு. அவர்களுக்கும் கதவு மூடவில்லை. ஐ.டி.ஐ.யில் 'டிராப்ட்ஸ்மேன் சிவில்' என்ற இரண்டு ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. கட்டடப் படம் வரையக் கற்றுத் தருவார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று ஆண்டு டிப்ளமோ படிக்கலாம். அதில் கணிதம் படித்தவர்கள் பிற்பாடு பி.ஆர்க். படிப்புக்கும் போகலாம். முதலில் ஒரு வேலை, கொஞ்சம் சம்பளம், பிறகு மேற்படிப்பு. நேர்வழி அடைபட்டால் சுற்றுவழி. ஊர் போய்ச் சேர்ந்தால் சரிதானே?

தாய்மார்களே, தகப்பன்மார்களே! இதில் உங்கள் பங்கு பெரியது. இந்த விண்ணப்பங்களிலும் கடன் தாள்களிலும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். முன்பு யாரோ காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தோம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு, கடைசி நாள் எது என்று நீங்களே படிக்கலாம். புரியாததை மேலாளரிடம் கேட்கலாம். "இடம் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் தரகரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

உங்கள் பிள்ளை வரைந்த தாளை அடுப்பு மூட்ட எடுக்கும் முன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். "இது என்ன வீடு? ஜன்னலை ஏன் இங்கே வைத்தாய்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பள்ளி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.